அவர்களும் உன் மேஜையில்தான் சாப்பிட்டார்கள்

ஸ்கெல்கார்த் பண்ணை,
26 ஏப்ரல் 2001

ஹில்டா,

நீ வாசல் கேட் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன கூடையைத் திருப்பி அனுப்புகிறேன். தபால்காரர் டக்ளஸ் கொண்டுவந்து தருவார். சூப்பும் ரொட்டியும் அப்படியே இருக்கின்றன. இனி எதுவும் அனுப்பாதே. போனும் செய்யாதே. உன் குரல் கேட்டால் வைத்துவிடுவேன். போன வாரம் முழுக்க அதைத்தான் செய்தேன்.

காரணம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவிடுகிறேன். அண்ணன் காரணமே சொல்லாமல் முறைத்துக்கொண்டான் என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது.

என் ஆடுகளைச் சுட்டுக் கொல்ல வந்தவர்கள் அதற்கு முந்தின நாள் மாலை உன் மில் ஹவுஸ் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். வேலை முடிந்த அன்றும் அங்கேதான் சாப்பிட்டிருக்கிறார்கள். பரிமாறியது நீ. அவர்களுக்கு மேஸ்திரி போல வந்தாரே கிளெக், லங்காஷயர்க்காரர், அவரே என்னிடம் சொன்னார். என் முற்றத்தில், ரப்பர் உடுப்போடு நின்றுகொண்டு, "உங்க தங்கச்சி சமையல் ரொம்பப் பிரமாதம்ங்க, இந்த மாதிரி நேரத்துல இப்படி ஒரு சாப்பாடு கிடைக்கும்னு நாங்க நினைக்கவே இல்ல" என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். நல்ல மனிதர்தான்.

என் ஆடுகளுக்குக் கோமாரி வரவில்லை. பக்கத்து ஃபிளெமிங் பண்ணையில் வந்தது. கீழ் மேய்ச்சல் வயலில் அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரே கற்சுவர், அதனால் என்னுடையவையும் போக வேண்டும் என்றார்கள். சர்க்கார் விதி அது. விதியோடு எனக்குச் சண்டை இல்லை. உன்னோடுதான். மில் ஹவுஸ் திறந்த நாளிலிருந்து உன் கரும்பலகையில் ஸ்கெல்கார்த் என்று என் பண்ணையின் பேரைச் சாக்பீஸால் எழுதி என் ஆட்டுக்கறியை விற்றாய். அந்தப் பலகைக்குக் கீழேயே அவர்களை உட்கார வைத்தாய்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். மறுநாள் எந்தப் பண்ணைக்குப் போகிறோம் என்று அவர்கள் பேசியது உன் காதில் விழுந்ததா? ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுது. வேறு கதை வேண்டாம்.

ஐசக்


மில் ஹவுஸ்,
30 ஏப்ரல் 2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

கூடை வந்து சேர்ந்தது. சூப்பை நானே சூடாக்கிக் குடித்தேன்.

நீ ஒரு வார்த்தை போதும் என்கிறாய். என்னால் அப்படி எழுத முடியாது. கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

பிப்ரவரியிலிருந்து இங்கே ஒரு மேஜைகூட நிறைந்ததில்லை. நோய் பரவக் கூடாது என்று மலைப்பாதை எல்லாவற்றையும் கயிறு கட்டி மூடிவிட்டார்கள். நடக்க வருகிறவர்கள் இல்லை, ஈஸ்டருக்குப் பேசிவைத்த கூட்டமும் வரவில்லை. நான் தினமும் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, துடைத்த கண்ணாடிக் கோப்பைகளையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இவர்கள் வந்தார்கள். பாலத்துக்கு மேலே உள்ள சத்திரத்தில் தங்கியிருக்கிறார்களாம், அங்கே சமையல் இல்லையாம். உள்ளே வரக்கூட இல்லை அண்ணா. குளித்து, உடை மாற்றி, ஈரத் தலையோடு வாசல் மிதியடியில் வரிசையாக நின்றார்கள். "நாங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும். வேண்டாம்னா சொல்லிடுங்க, போயிடுறோம்" என்றார் அந்த கிளெக். நாள் முழுக்க வேலை செய்துவிட்டுப் பசியோடு நிற்கிறவர்களை நான் எப்படிப் போகச் சொல்வேன்? நீயாக இருந்தால் சொல்லியிருப்பாயா?

செந்தட்டிக் கொழுந்து சூப் போட்டேன். ஏரி மீனை வெண்ணெயில் வறுத்துக் கொடுத்தேன். பிறகு ருபார்ப் தண்டை வேகவைத்து கஸ்டர்ட் ஊற்றினேன். ஏப்ரலில் இந்தப் பள்ளத்தாக்கு கொடுக்கிறது அவ்வளவுதான். பலகையில் உன் பண்ணையின் பேர் இல்லை. ஆடுகளை நகர்த்தக் கூடாது என்று உத்தரவு வந்த அன்றே ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அந்த இடத்தில் வேறு எதையும் எழுதவில்லை. கிளெக் கேட்டார், ஆட்டுக்கறிக்குப் பேர்போன இடம் என்றார்களே, இல்லையா என்று. "எங்க மலை ஆடு இல்லாதப்ப நான் ஆட்டுக்கறி போடுறதில்ல. வெளியூர்லேர்ந்து வாங்கியும் போட மாட்டேன்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர்களோடு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் ஒருத்தி இருந்தாள். சின்னப் பெண். மருந்துத் தண்ணீரில் முக்கி முக்கிக் கை எல்லாம் வெடித்திருந்தது. கரண்டியை சூப்பில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் கிண்ணத்தை எடுக்கப் போனபோது, "மன்னிச்சிடுங்க, சாப்பாடு நல்லாதான் இருக்கு, எனக்குத்தான் இறங்கல" என்றாள்.

நீ கேட்டதற்கு இப்போது வருகிறேன். ஆமாம், காதில் விழுந்தது. கஸ்டர்ட் ஜாடியோடு நான் நின்றுகொண்டிருந்தபோதுதான் ஸ்கெல்கார்த் என்று சொன்னார்கள். அடுக்களைக்குப் போய் போன் பக்கத்தில் நின்றேன். உன்னைக் கூப்பிடவில்லை.

ஏன் என்று கேட்காதே. அது என்னோடு முடிகிற விஷயமாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

உன் பெண்டாட்டி பெரிலைச் சாப்பிடச் சொல். நீயும் சாப்பிடு.

ஹில்டா


ஸ்கெல்கார்த்,
4 மே 2001

ஹில்டா,

ஆமாம் என்று எழுதிவிட்டாய். மற்றதையும் படித்தேன். ருபார்பும் கஸ்டர்டும்.

அன்று இரவு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். கொட்டகையில் இருந்தேன். முதல் ஈற்றுப் பெண்ணாடு ஒன்று, குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டது. முன்னங்கால் ஒன்று பின்னால் மடங்கிக் கிடந்தது. கையை விட்டு, கால் எங்கே தலை எங்கே என்று தடவிப் பார்த்து, திருப்பி, மெதுவாக இழுத்தேன். மூச்சில்லை. வைக்கோலால் தேய்த்தேன். மூக்கில் வைக்கோல் முனையை விட்டுக் கிளறினேன். தும்மியது. தாய் நக்க ஆரம்பித்தது. விடிகிறபோது குட்டி எழுந்து நின்று பால் குடித்தது.

நான் சீட்டி அடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தேன் ஹில்டா. பெரிலிடம், இந்த வருஷம் குட்டிகள் நன்றாக வருகின்றன என்றேன். அவள் டீ கொடுத்தாள். கோப்பை கையில் இருக்கும்போதே முற்றத்தில் வண்டிச் சத்தம். காலில் சாக்ஸோடு கதவைத் திறந்தேன்.

நீ சொல்லியிருந்தால் ஒரு ஆடுகூடப் பிழைத்திருக்காது. எனக்குத் தெரியும். ஆனால் நான் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றிருப்பேன். ஊருக்கே தெரிந்த விஷயம் தெரியாமல் சீட்டி அடித்துக்கொண்டு வந்திருக்க மாட்டேன். என் சொந்தத் தங்கை என்னை முட்டாளாக்கினாள். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ஐசக்


மில் ஹவுஸ்,
10 ஜூலை 2001

அண்ணா,

எழுத வேண்டாம் என்றாய், இரண்டு மாதம் எழுதாமல்தான் இருந்தேன். இப்போது எழுதாமல் முடியாது.

பெரில் இங்கே இருக்கிறாள். நேற்று மத்தியானம் பின்கதவு வழியாக வந்தாள், சின்னப் பெட்டியோடு. நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து அவளும் உரிக்கத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள், அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? கூடை நிறைந்தது. அப்புறம் அவளே சொன்னாள்: "அந்த வீட்டுல கடிகாரச் சத்தத்தத் தவிர வேற சத்தமே இல்ல ஹில்டா. உங்கண்ணன் பேசறதே இல்ல. சாப்பாட்டத் தட்டோட கொட்டகைக்கு எடுத்துட்டுப் போறார். காலியா கிடக்கிற கொட்டகைல உக்காந்து சாப்பிடறார்."

நான் அவளை வரச் சொல்லவில்லை. என் மேல் இதையும் ஏற்றாதே. ஆனால் வந்தவளை அனுப்பவும் மாட்டேன்.

ஓரிரு பாதைகளைத் திறந்திருக்கிறார்கள், நாலைந்து பேர் சாப்பிட வருகிறார்கள். பெரில் பரிமாறுகிறேன் என்றாள். என் வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, புது உருளைக்கிழங்கும் பட்டாணியும் கடல் மீனும் எடுத்துப் போனாள். லீட்ஸிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தோடு சிரித்துச் சிரித்துப் பேசினாள். இன்று கூஸ்பெர்ரிப் பழம் நன்றாக இருக்கிறது, புளிப்புக்குப் பயப்படாதீர்கள், க்ரீம் நிறைய ஊற்றுகிறேன் என்றெல்லாம் சொன்னாள். இவளுக்கு இந்த வேலை நன்றாக வருகிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து சாமான் அறைக்கு மாவு எடுக்கப் போனால், அவள் அங்கே அலமாரிப் பக்கம் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தாள்.

நீ ஒரு நடை வந்து அவளிடம் பேசு. என்னிடம் பேச வேண்டாம். நான் அடுக்களைக்குள் இருந்துகொள்கிறேன்.

ஹில்டா


ஸ்கெல்கார்த்,
15 ஜூலை 2001

ஹில்டா,

ஆட்டை அவர்கள் கொண்டுபோனார்கள். மனைவியை நீ.

மேலே எழுதியதை அடிக்க நினைத்தேன். இருக்கட்டும், அடித்தாலும் நீ வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுவாய்.

அவளுடைய மழைக்கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. டக்ளஸிடம் கொடுத்து அனுப்புகிறேன். முட்டிக்குத் தேய்க்கிற தைலமும் கூட வைத்திருக்கிறேன். உன் அடுக்களைத் தரை கல் தரை, நின்றால் அவளுக்கு வலிக்கும். உட்காரச் சொல்.

நான் பேசுவதில்லை என்கிறாள். என்ன பேச? விடியும் முன்பே விழித்துக்கொள்கிறேன். பூட்ஸைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்குகிறேன். அப்புறம் போக இடமில்லை. நாய் என் முகத்தைப் பார்க்கிறது, நான் நாயின் முகத்தைப் பார்க்கிறேன்.

புது மந்தை வாங்கித் தருகிறோம் என்று அரசாங்கத்திலிருந்து ஒருவர் வந்து பேசினார். மரியாதையாகப் பேசினார். நான் அவரைப் பின்பக்கம் அழைத்துப்போய் மலையைக் காட்டினேன். அங்கே வேலி கிடையாது. எங்கள் ஆடுகளுக்கு அது எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை. இந்த ஓடை வரைக்கும் நம் இடம், அந்தப் பாறைக்கு அப்பால் ஃபிளெமிங் இடம் என்று தாய் தன் குட்டிக்குக் காட்டிக்கொடுக்கும். அந்தக் குட்டி வளர்ந்து தன் குட்டிக்குக் காட்டும். அப்படியே வந்தது, என் தாத்தாவுக்கு முன்னாலிருந்து. இப்போது காட்டிக்கொடுக்க ஒன்றுகூட மிச்சமில்லை. வாங்கிவந்து விட்டால் அவை ஸ்காட்லாந்துக்கு நடந்துபோகும். எனக்கு அறுபத்து நான்கு வயது, மலையடியில் நின்று கத்திக்கொண்டிருக்க முடியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இதை நான் இன்னும் பெரிலிடம் சொல்லவில்லை. நீ சொல்லிவிடு. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

அவள் சாப்பிடுகிறாளா?

ஐசக்


மில் ஹவுஸ்,
1 அக்டோபர் 2001

அண்ணா,

நேற்று மத்தியானம் நீ வந்தபோது நான் பேசவில்லை. சொன்ன வாக்குப்படி அடுக்களைக்குள்ளேயே இருந்தேன். ஆனால் பரிமாறும் ஜன்னல் திறந்திருந்தது, எல்லாம் காதில் விழுந்தது. நடந்தது நடந்துவிட்டது, இனி நானும் வாயைத் திறக்கலாம்.

துக்க வீட்டுக்குப் போகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நீ வந்தாய். வேற்று ஆள் மாதிரி, ஒருவருக்கு இடம் இருக்குமா என்று கேட்டாய். சுவரோர மேஜையில் உட்கார்ந்தாய். ஞாயிறு என்பதால் கூட்டம் இருந்தது. பெரில் உனக்குத் தட்டு வைத்தாள். காட்டு வாத்து வறுவல், பீன்ஸ், வாத்துக் கொழுப்பில் மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு, டாம்சன் பழக் குழம்பு. அந்தத் தட்டை நான்தான் தயார் செய்தேன். தொடைப் பக்கமாகப் பார்த்து வைத்தேன், உனக்கு அதுதான் பிடிக்கும்.

பாதி சாப்பிட்டதும் நீ அவள் கையைப் பிடித்தாய். "உன்னக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். இல்லன்னா இவ வீட்டு வாசப்படி மிதிச்சிருக்கவே மாட்டேன்" என்றாய். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். நான் ஜன்னல் வழியாகத் தலையை ஆட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு சாயங்காலம் போன் எனக்குத்தான் வந்துச்சு ஐசக். ஆடுங்களச் சுட காலைல வர்றோம்னு என்கிட்டதான் சொன்னாங்க. ஹில்டாவ வாய மூடிக்கச் சொன்னதும் நான்தான்."

நீ ஏன் என்று கேட்டாய்.

"நீ கொட்டகைல இருந்த. குட்டி வந்துட்டு இருந்துச்சு."

அவ்வளவுதான் அவள் சொன்னாள். நீ எழுந்தாய். கதவு சாத்தின சத்தம் கேட்டது. தட்டில் பாதி அப்படியே இருந்தது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். பெரில் உன் நாற்காலியில் உட்கார்ந்தாள். உன் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நீ விட்டுப்போன வாத்தை, பீன்ஸை, எல்லாவற்றையும் உன் முள்கரண்டியாலேயே சாப்பிட்டாள். ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாள். பக்கத்து மேஜைக்காரர்கள் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து தானே கழுவினாள்.

அன்று நான் போனை எடுக்கக் கை நீட்டியபோது அதுவே அடித்தது. அவள்தான். "அவங்க உன்கிட்டதான சாப்பிடறாங்க, தெரிஞ்சிருக்கும் உனக்கு. இன்னிக்கு ஒரு ராத்திரி அவர விட்டுடு ஹில்டா" என்றாள். விட்டுவிட்டேன். நீ என்னைத் திட்டி எழுதினதையெல்லாம் இங்கே நான் அவளுக்குக் காட்டவே இல்லை. என்னை நீ இன்னும் பத்து வருஷம் திட்டலாம், தாங்குவேன். அவளை ஒரு வார்த்தை சொல்லாதே.

ஹில்டா


ஸ்கெல்கார்த்,
9 அக்டோபர் 2001

ஹில்டா,

ஒரு வாரம் இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் வாசலிலிருந்து நேரே கொட்டகைக்குத்தான் வந்தேன். கோபமாகத்தான் வந்தேன். இவளும் சேர்ந்துதானா என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெண்ணாடு நின்ற இடத்தில், வைக்கோல் மேல் உட்கார்ந்தேன். கோட்டோடு.

ஐந்து மாதமாக அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த இரவு என்றே நினைத்தேன். அங்கே உட்கார்ந்து வேறு விதமாக யோசித்துப் பார்த்தேன். மாலையிலேயே எனக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? அடுக்களை மேஜையில் தலையைப் பிடித்துக்கொண்டு விடிகிறவரைக்கும் உட்கார்ந்திருப்பேன். கொட்டகைப் பக்கம் போயிருக்க மாட்டேன். எதற்குப் போக வேண்டும், எல்லாம் காலையில் போகப்போகிறது என்று இருந்திருப்பேன். அந்தப் பெண்ணாடு குட்டியை வெளியே தள்ள முடியாமல் தனியாகக் கத்திக் கத்திச் செத்திருக்கும்.

நான் மேய்ப்பனாக இருந்த கடைசி இரவு அது. அதைப் பெரில் எனக்கு முழுதாகக் கொடுத்தாள். அவள் என்ன செய்திருப்பாள் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். அடுக்களை ஜன்னலில் நின்று கொட்டகை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். நான் சீட்டி அடித்துக்கொண்டு வருவது கேட்டிருக்கும். கெட்டிலை அடுப்பில் வைத்திருப்பாள். என்னிடம் டீக் கோப்பையைக் கொடுத்தபோது அவள் கை நடுங்கியதா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. நான் பார்க்கவே இல்லை.

உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எழுதிப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. உனக்குத் தெரியும் அது எந்த வார்த்தை என்று.

அவளிடம் கேள், வீட்டுக்கு வருவாளா என்று. அடுக்களையைக் கழுவிவிட்டேன். இனி நான் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவேன் என்று சொல்.

ஐசக்


மில் ஹவுஸ்,
14 அக்டோபர் 2001

அண்ணா,

உன் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். நின்றபடியே படித்தாள். மடித்தாள். மறுபடி பிரித்துப் படித்தாள். முதல் ஆர்டர் வந்துவிட்டது, ஏப்ரனின் பையில் வைத்துக்கொண்டு பரிமாறப் போனாள். மத்தியானக் கூட்டம் போன பிறகுதான் என்னிடம் பேசினாள். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். நல்லபடியாகத் திருப்பி எழுதலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அது உனக்கு நான் செய்கிற துரோகம்.

"கோபம் இல்லன்னு எழுது. எனக்கு எப்பவும் இருந்ததில்ல. ஆனா அங்க வர முடியாது ஹில்டா. அன்னிக்கு ஒவ்வொரு வெடிச் சத்தத்தையும் நான் ஜன்னல் பக்கத்துலயே நின்னு கேட்டேன். குட்டிங்க கத்தினதும் கேட்டேன். அப்புறம் கத்தாம போனதும் கேட்டேன். இப்பவும் அந்த முற்றத்துல கால் வச்சா கேக்குது. உங்கண்ணனுக்கு அந்த மலைய விட்டு வர முடியாது. எனக்கு அங்க போக முடியாது. யார் மேலயும் தப்பில்ல."

நான் கொஞ்சம் வாதாடினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். என் மாடி அறையிலேயே இருந்துகொள்கிறாளாம். கடைசியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவர் இங்க வந்தா, நான் ஏப்ரனக் கழட்டிட்டு எதிர்ல உக்காந்து சாப்பிடுவேன். ஒவ்வொரு வாரமும்."

உனக்கு இது போதாது என்று தெரியும். எனக்கும் போதவில்லை. உங்கள் கல்யாணத்துக்கு கேக் செய்தவள் நான். வாரத்தில் ஒருநாள் விருந்தாளிகள் மாதிரி நீங்கள் இருவரும் என் மேஜையில் வந்து சந்திக்கப் போகிறீர்கள் என்று நினைத்தால் மாவு பிசையும் கை நின்றுபோகிறது. ஆனால் அவள் இதைச் சொன்னபோது கழுத்தில் ரத்தம் ஏறிச் சிவந்தது, சின்ன வயதில் உன் பேரை எடுத்தால் ஆகுமே, அப்படி. அதையும் உனக்கு எழுதத்தான் வேண்டும்.

கணப்படுப்புப் பக்கத்து மேஜையை வைத்திருக்கிறேன், ஒரு மணிக்கு. காட்டுக்கோழி வந்துவிட்டது. ஆப்பிள் இந்த வருஷம் நிறைய.

ஹில்டா


ஸ்கெல்கார்த்,
17 அக்டோபர் 2001

அன்புள்ள ஹில்டா,

போதாதுதான். ஆனால் அவள் சொன்னது நியாயம். எனக்கும் அந்தச் சத்தம் கேட்கிறது. நான் அதோடு இருந்து பழகிவிட்டேன், அவள் பழக வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல். அந்தக் கறுப்புக் கோட்டுப் போட மாட்டேன். முடி வெட்டிக்கொண்டு வருகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அவளும் நானும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு எழாது. அவளுக்கும் எழாது. தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்போம். அன்று உன் அடுப்பை வேறு யாரிடமாவது விட்டுவிட்டு வா. இத்தனை வருஷம் உன் கையால் சாப்பிட்டிருக்கிறேன், நீ உட்கார்ந்து சாப்பிட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

மூன்று தட்டு வை. நீயும் உட்கார்.

உன் அண்ணன்,
ஐசக்